பளு தூக்கப் போகும் மகளுக்கு

அன்புள்ள தேவிக்கு,

வீல்சேர் ரேஸை விட்டுவிட்டுப் பவர்லிஃப்டிங்குக்குப் போகிறாயாம். அத்தை சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். இருக்கட்டும். வீடியோவில் இடது கையால் தலை வாரிக்கொண்டிருந்தாய் என்கிறாள் அம்மா. நான் ஒன்றும் கேட்கவில்லை.

வீல்சேர் ரேஸில் உனக்குக் கொடுத்த டி54 என்ற பிரிவு இங்கே செல்லாது. தகுதியைப் புதிதாகப் பார்ப்பார்கள். முழங்கை நீளாமல் 20 டிகிரிக்கு மேல் மடங்கியே நின்றால் சேர்க்கமாட்டார்கள். தேறினால் அப்புறம் உடல் எடை மட்டும்தான் கணக்கு. பெண்களுக்கு 41 கிலோவில் தொடங்கிப் பத்துப் பிரிவு.

சக்கரம் தள்ளிய நெஞ்சும் புஜமும் உனக்குக் கைகொடுக்கும். சந்தேகமே வேண்டாம். அடிவாங்கப்போவது வேறு இடத்தில். டிராக்கில் துப்பாக்கி வெடித்ததும் பாய்ந்து பழகியவள் நீ. இங்கே பெஞ்சில் மல்லாந்து படுத்து, பளு மாட்டிய கம்பியைக் கை நீட்டிப் பிடித்து, 'ஸ்டார்ட்' சொன்னதும் இறக்கி, நெஞ்சில் அசையாமல் நிறுத்தி, நீயாகவே மேலே தள்ள வேண்டும். 'தள்ளு' என்று யாரும் சொல்லமாட்டார்கள். நெஞ்சில் பட்டதும் துள்ளவிட்டாலோ, ஒரு கை முந்தினாலோ, முழங்கை பூட்டாமல் நின்றாலோ சிவப்பு விளக்குதான். மூன்று நடுவரில் இரண்டு பேராவது வெள்ளை காட்டவேண்டும். அதனால் முதலில் வெறும் 20 கிலோ கம்பி போதும். நிறுத்தம் பழகு. கிலோவுக்கு அவசரப்படாதே. அவசரப்படாதே என்றால் கேட்கிறவளா நீ? அப்படியே உன் பாட்டி! அந்தப் பிடிவாதம்தான் உன்னை டிராக்கில் ஓட்டியது, அதையும் சொல்லவேண்டும்.

தோள். தள்ளியே வளர்ந்த தோளுக்கு முன்பக்கம்தான் பலம், பின்பக்கம் சோப்ளாங்கி. அதன்மேல் இந்தப் படுத்துத் தள்ளுகிற பெஞ்ச் பிரஸ்ஸையும் ஏற்றினால் மூட்டுத் தசைநார் உரசும். ஒரு செட் தள்ளினால் இரண்டு செட் இழு. முழங்கையை விரித்துப் போடாதே, உடம்போடு ஒட்டி வை. கம்பியில் இரண்டு கைக்கும் நடுவே 81 சென்டிமீட்டர் வரை விடலாம் என்பதற்காக அவ்வளவு அகலமாகப் பிடிக்காதே. கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது பாதி வழியில் குத்துகிறதென்றால் பளுவை அன்றோடு நிறுத்திவிட்டு பிசியோவிடம் போ. மற்றவர்களுக்குத் தோள் போனால் விளையாட்டு போகும். உனக்குக் கட்டிலிலிருந்து சேருக்கு மாறுவதே அந்தத் தோளால்தான்.

காலைப் பெஞ்சோடு கட்டும் பட்டையை அவிழ்த்ததும் தோலைப் பார். உணர்ச்சி இல்லாத இடம் வலித்துச் சொல்லாது. அரை மணி கழித்தும் சிவப்பு மாறவில்லையென்றால் அடியில் மெத்தை வை.

தீபா மாலிக் நீச்சலில் இருந்தவர். 2016 ரியோவில் குண்டு எறிந்து வெள்ளி வாங்கினார். மாறுவது தோல்வி என்று இங்கே யாரும் நினைக்கவில்லை. எங்களிடம் மறைப்பதுதான் புரியவில்லை.

பொங்கலுக்கு வரும்போது குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பெட்ஃபோர்டு ஏற்றத்தை நீயே தள்ளிக்கொண்டு வராதே. ஆட்டோ சொல்லிவைக்கிறேன். ஸ்கேன் எதுவும் எடுத்திருந்தால் அதையும் பையில் போட்டுக் கொண்டுவா.

அப்பா