பாட்டை உருவிவிட்டு அதே கேம் என்று விற்கலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தொண்ணூறுகளின் ஆல்டர்நேட்டிவ் ராக் பற்றியும் அந்தக் கால வீடியோ கேம்கள் பற்றியும் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நாம் ஏங்குவது அந்த வயதுக்காகத்தானே தவிர, அந்தப் பாட்டுக்கோ கேமுக்கோ இல்லை என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. வயது போனால் போகட்டும், அதை யார் தரமுடியும்? ஆனால் பழைய கேமைத் திரும்பத் தருகிறோம் என்று காசு வாங்கிக்கொண்டு அதிலிருந்த பாட்டை உருவிவிட்டுத் தருகிறார்களே, என் ஆதங்கமெல்லாம் அதுதான்.

கட்டுரையில் இசை ஒரு பக்கம், கேம் ஒரு பக்கம் என்று தனித்தனியாக இருந்தன. அப்போது அப்படி இல்லை. 1991-இல் நிர்வாணா என்ற ராக் குழுவின் நெவர்மைண்ட் ஆல்பம் வந்து அந்த வகை இசை எங்கும் பரவிய அதே சில வருடங்களில்தான் கேம்களும் கேட்ரிட்ஜ் என்ற சிப் வைத்த பெட்டியிலிருந்து சிடிக்கு மாறின. கேட்ரிட்ஜ் போட்டு விளையாடும் சூப்பர் நின்டென்டோ கருவியில் ஒலிக்கென்று இருந்த நினைவகமே 64 கிலோபைட்தான், சிடியிலோ ஒரு முழு ஆல்பத்தையே வைக்கலாம். 1994-இல் சிடியில் வந்த ரோட் ராஷ் என்ற பைக் பந்தய கேமில் சவுண்ட்கார்டன் ராக் குழு பாடியதெல்லாம் அதனால்தான் நடந்தது.

குவேக் என்ற துப்பாக்கிச் சண்டை கேமை எடுத்துக்கொள்ளுங்கள், 1996-இல் வந்தது. அதன் இசையைச் செய்தவர் நைன் இஞ்ச் நெயில்ஸ் இசைக்குழுவின் டிரென்ட் ரெஸ்னர். ஆணி சுடும் துப்பாக்கிக்கான ரவைப் பெட்டியில் அந்தக் குழுவின் சின்னமே இருக்கும். அந்த சிடியைச் சாதாரண சிடி பிளேயரில் போட்டால் முதல் ட்ராக் கேமின் டேட்டா, இரண்டாவதிலிருந்து இசை ஓடும். முணுமுணுக்க ஒரு மெட்டுகூடக் கிடையாது, இரும்பு உராய்வது போல ஒரு முனகல், அதற்கும் அடியில் விடாத ஒரு ரீங்காரம், அதைக் கேட்டுக்கொண்டே அந்த இருட்டுக் கல்மண்டபங்களில் ஒவ்வொரு மூலையாகத் திரும்ப வேண்டும். பயமே அதில்தான் இருந்தது. பின்னாளில் இணையத்தில் டவுன்லோடாக விற்றபோது பல ஆண்டுகள் இந்த இசை இல்லாமலே விற்றார்கள். அதைப் புதிதாக வாங்கி விளையாடிய ஒரு பையன், என்னப்பா இதைப் போய் இவ்வளவு புகழ்கிறார்கள் என்று நினைத்திருந்தால் அவன்மேல் தப்பே இல்லை. 2021 மறுவெளியீட்டில் இசையைத் திரும்பச் சேர்த்தார்கள். ஆக, மனசு வைத்தால் முடிகிறது.

கிரேஸி டாக்ஸி என்ற டாக்ஸி ஓட்டும் கேமின் 2010 மறுவெளியீட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. தி ஆஃப்ஸ்ப்ரிங், பேட் ரிலிஜன் என்ற ராக் குழுக்களின் பாட்டுகளின் வேகத்தில்தான் அந்த வண்டியே ஓடியது, அப்படி மறுபடி விற்பனைக்கு வந்தபோது இரண்டு குழுக்களையுமே காணோம், வேறு யாரோ பாடினார்கள்.

பாட்டுக்கான உரிமம் சில காலத்துக்குத்தான், முடிந்தால் மறுபடி பணம் கட்டவேண்டும், சரி, அது புரிகிறது. ஆனால் எந்தப் பாட்டை எடுத்தோம் என்று விற்கும் இடத்திலேயே பளிச்சென்று போட என்ன தடை? உங்கள் இதழிலும் பழைய கேம்களின் மறுவெளியீட்டை விமர்சிக்கும்போது படம் எவ்வளவு துல்லியம் என்பதோடு நிறுத்தாமல், மூலத்தில் இருந்த இசை அப்படியே இருக்கிறதா என்று ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள்.

அப்புறம், வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய கேம் சிடிகள் இருந்தால் அவை கெடுவதற்குள் கணினியில் பிரதி எடுத்து வையுங்கள். ஐஎஸ்ஓ (ISO) என்ற ஒற்றைக் கோப்பாக மட்டும் எடுத்தால் டேட்டா மட்டும்தான் வரும், இசை ட்ராக்குகள் போய்விடும். BIN, CUE என்று இரண்டு கோப்புகளாக எடுத்தால் பாட்டும் சேர்ந்தே வரும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்