அவகாடோ நல்லதுதான், டின் பால்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் சுங்கை சிப்பூட் வட்டாரத்தின் பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையிலும் ஒட்டுக்கடைகளிலும், உடலுக்கு நல்லது என்ற நம்பிக்கையில் பலரும் அவகாடோ பழச்சாறு வாங்கிக் குடிக்கின்றனர். பழத்தில் எனக்குக் குறையில்லை. அதில் தாராளமாக ஊற்றப்படும் டின் பாலும் (சீனி சேர்த்த கெட்டிப்பால்) சீனிப்பாகுமே என் கவலை. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் மலேசியாவில் பெரியவர்களுள் ஆறில் ஒருவருக்கு நீரிழிவு உள்ளது.

நூறு கிராம் அவகாடோவில் ஏறத்தாழ 7 கிராம் நார்ச்சத்தும் 15 கிராம் கொழுப்பும் உள்ளன. அக்கொழுப்பின் பெரும்பகுதி ஒலிவ எண்ணெயில் இருப்பதைப் போன்ற ஒலியிக் அமிலம் என்பதால், வெண்ணெய்க்கும் நெய்க்கும் பதிலாக உண்ணும்போது எல்டிஎல் எனும் கெட்ட கொழுப்பு குறைய வாய்ப்புண்டு. சுமார் 110,000 பேரை 30 ஆண்டுகள் கவனித்து, 2022இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வாரம் ஒரு முழுப் பழமாவது உண்டவர்களிடம் இதயத் தமனி நோய் 21 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டது. (இதற்குப் பழம் மட்டுமே காரணம் என்று அவ்வாய்வு நிறுவவில்லை.)

பொட்டாசியம் மிகுந்த பழம் என்பதால், சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும். மற்றவர்கள் அரைப் பழத்தை மசித்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துத் தோசைக்குத் தொட்டுக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் தேங்காய்ச் சட்னியைவிட இதுவே விரைவில் தீர்கிறது.

கடைக்காரர்கள், கேட்பவர்களுக்கேனும் டின் பால் சேர்க்காமல் தர முன்வருவார்களா?

இப்படிக்கு,
தோட்டத்து வாசகர்,
சுங்கை சிப்பூட், பேராக்.