கைப்பிடி அரிசியும் உங்க அஞ்சு குடும்பமும்

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு அம்மா எழுதிக்கிறது. இங்க நானும் அப்பாவும் சுகம். போன ஞாயித்துக்கிழமை போன்ல நீ கேட்டதுக்கு எனக்கு உடனே பதில் சொல்ல வரல, நீயும் நைட் டூட்டிக்கு கிளம்பிட்டே இருந்த. அதான் மூணு நாளா உக்காந்து கொஞ்சம் கொஞ்சமா டைப் பண்ணி அனுப்புறேன், ப்ரேக்ல படி.

நீ என்ன கேட்ட, "அம்மா நாங்க அஞ்சே குடும்பம், டப்ளின்ல ஒருத்தர் வீட்டு ஹால்ல உக்காந்து பாடி ஜெபிச்சிட்டு டீ குடிச்சிட்டு வாரோம், போதகர் ஐயர் கிடையாது, கோயில் கிடையாது, ஒருத்தர் சிஎஸ்ஐ ஒருத்தர் பெந்தெகோஸ்தே ஒருத்தர் ஆர்சின்னு ஆளுக்கொரு திருச்சபை, இதுல வேற சின்ன சின்ன மனஸ்தாபம், இதெல்லாம் ஒரு சபையா, பேசாம வீட்ல லைவ்ல ஆராதனை பாத்துட்டு இருந்துரலாமா, விசுவாசம் மனசுல இருந்தா போதாதா"ன்னு கேட்ட. மனசுல இருக்கத்தான் செய்யணும் கண்ணு, ஆனா அது மனசோடயே நின்னுடுச்சின்னா சபை எப்படி வரும்?

பாளையங்கோட்டையில பாப்பாத்தியம்மா கோயில் உனக்கு தெரியும்லா, சின்னதுல உன்னை கூட்டிட்டு போயிருக்கேன். அந்தக் கோயிலைக் கட்டுன குளோரிந்தா அம்மா ஒரு விதவை, பிராமண வீட்ல பொறந்தவ, ஊர் ஒதுக்கி வச்ச பொம்பள. 1778ல மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர்கிட்ட ஞானஸ்நானம் வாங்கினா. அவரு தஞ்சாவூர்ல இருக்காரு, இவ இங்க இருக்கா, பக்கத்துல குருவானவர்னு ஒருத்தரும் கிடையாது. ஆனா 1780ல எழுதுன சபை ரெஜிஸ்டர்ல நாப்பது பேர் இருக்காவ. கோயில் வந்ததே 1785லதான், அப்ப கோயில் வாரதுக்கு அஞ்சு வருசம் முன்னாடியே அங்க சபை இருந்திருக்கு பாத்தியா. எனக்கு அந்த நாப்பது பேரும் எங்க கூடியிருப்பாவன்னு அடிக்கடி யோசனை வரும், யார் வீட்டு திண்ணையிலயோ, உங்க ஹால் மாதிரிதான இருந்திருக்கும்.

முதலூரும் அப்படித்தான். சின்னமுத்துங்கிற நம்ம ஊர்ப்பக்கத்து பையன், அப்புறம் தாவீது சுந்தரானந்தம்னு பேரு, தஞ்சாவூர்ல விசுவாசத்துக்கு வந்து திரும்பி வந்து சொந்தக்காரங்களுக்கு சொன்னாரு, கேட்டவங்கள ஊர்க்காரங்க அடிச்சி விரட்டி கூடுன இடத்தையும் இல்லாம ஆக்கினாவ. அதுக்கப்புறம் 1799ல பனங்காட்டுக்குள்ள கொஞ்சம் நிலம் வாங்கி ஓலையில ஒரு கோயில் போட்டு குடியேறினாவ, முதல் ஊர், அதான் முதலூர். இன்னைக்கு முதலூர்னா எல்லாரும் மஸ்கோத் அல்வாதான் கேக்காவ, அதுவும் நல்லதுதான், ஆனா எனக்கு அந்தப் பேரை கேட்டா அந்த மொத ராத்திரிதான் ஞாபகம் வரும், தேரிக்காட்டு மணல்ல பிள்ளைகள படுக்க வச்சிட்டு இவங்க என்ன நம்பிக்கையில முழிச்சிட்டு இருந்திருப்பாவன்னு. தனித்தனியா இருந்தா ஒவ்வொருத்தரா பயந்து பழைய இடத்துக்கே போயிருப்பாவ.

இடையன்குடி கதைய நீ பள்ளிக்கூடத்துல கால்டுவெல் தமிழுக்கு செஞ்சதுன்னுதான் படிச்சிருப்ப. அவரு 1841ல வந்தாரு, 1847ல கோயில் வேலை ஆரம்பிச்சது, 1880 ஜூலை 6ல பிரதிஷ்டை. முப்பத்துமூணு வருசம்! நடுவுல 1876லருந்து 78 வரைக்கும் பெரிய பஞ்சம் வேற. அஸ்திவாரத்துக்கு மண்ணு சுமந்தவங்கள்ல எத்தனையோ பேர் அந்தக் கோயிலுக்குள்ள ஒரு ஆராதனைகூட பாத்திருக்க மாட்டாவ, பாக்க மாட்டோம்னு தெரிஞ்சும் சுமந்திருப்பாவ. விசுவாசம்னு சொன்னா எனக்கு அந்த மண்ணுக்கூடைதான் கண்ணுல வருது. அந்த முப்பத்துமூணு வருசமும் அங்க ஞானஸ்நானம் நடந்துச்சி, கல்யாணம் நடந்துச்சி, கால்டுவெல் வீட்டுக்கார அம்மா எலைசா பொம்பளப் பிள்ளைகளுக்கு பள்ளிக்கூடம் நடத்தி லேஸ் பின்ன சொல்லிக் கொடுத்தாவ. கட்டடம் முடியட்டும்னு சபை யாருக்காகவும் காத்துக்கிட்டு இருக்கல.

இப்ப உன்கிட்ட இதுவரைக்கும் சொல்லாத ஒண்ணு சொல்லுதேன். நீ நர்சிங் காலேஜ் ஹாஸ்டல்ல இருந்த சமயம், நம்ம சபையில சேகர கமிட்டி, அதான் சபை நிர்வாகக் கமிட்டி, எலெக்சன்ல ரெண்டு கட்சியாகி பெரிய சண்டை வந்துச்சி. அப்பாவ எல்லாரு முன்னாடியும் ஒருத்தர் கணக்கு விஷயத்துல தப்பா பேசிட்டாரு, அப்பா ஒரு பைசா தொடாதவரு. அன்னைக்கு வெளிய வந்த நாங்க ஏறக்குறைய ரெண்டு வருசம் கோயிலுக்கே போகல. உன்கிட்ட போன்ல கோயிலுக்கு போனோம்னு பொய் சொல்லியிருக்கேன், மன்னிச்சிக்க.

ஆனா அடுப்படியில அந்த ஓலைக்கொட்டான் இருந்துச்சில்லா, தினமும் உலை வைக்கும்போது கோயில் காணிக்கைக்குன்னு ஒரு கைப்பிடி அரிசி எடுத்து அதுல போடுவேன்லா, அது மட்டும் நிக்கல. ஏன்னு எனக்கே தெரியல, எங்கம்மா போட்டது, அவங்கம்மா போட்டது, கை தானா போகும். கோயிலுக்கு போகாதவளுக்கு என்ன காணிக்கைன்னு ஒரு நாள் நினைச்சி கைய மடக்கினேன், சோறு இறங்கல அன்னைக்கு. சனிக்கிழமை சாயங்காலம் பெண்கள் ஐக்கிய சங்கத்துலருந்து அரிசி வாங்க ஒரு பிள்ளை வருவா, அப்பாவ பேசுன அந்த வீட்டு மருமக அவ. அந்த ரெண்டு வருசமும் ஒரு வாரம் தவறாம நம்ம நடையில வந்து நின்னா. ஏன் கோயிலுக்கு வரலன்னு ஒரு வார்த்தை கேக்கல, மாமனாருக்காக ஞாயமும் பேசல, கொட்டானை கவுத்து அரிசிய பைல தட்டிட்டு "வாரேன் பெரியம்மா"ன்னு போவா.

ஒரு சனிக்கிழமை தட்டிட்டு போகாம நின்னா. "பெரியம்மா, அடுத்த வாரம் அசனம், கோயில் பொது விருந்து, கத்தரிக்காய் நறுக்க ஆள் பத்தல, வாரீயளா"ன்னு கேட்டா. நான் கத்தரிக்காய் நறுக்கத்தான்டி போனேன், சத்தியமா வேற எண்ணமில்ல. விடிய விடிய பொம்பளைங்க எல்லாம் சேர்ந்து நறுக்கி, ஆம்பளைங்க கறிக்கொழம்பு கொதிக்க விட்டு, வடிச்ச சோத்தை பாய்ல மலை மாதிரி குவிச்சி வச்சிருந்தாவ, ஆவி பறக்குது. ஐயர் வந்து ஜெபம் பண்ணும்போது கண்ண மூடுனா எனக்கு ஒரே அழுகை. பந்தியில அப்பா உக்காந்த எலைக்கு அந்தப் பெரியவர் வந்து சோறு போட்டாரு, மன்னிப்புன்னு வாயால கேக்கல, குனிஞ்சி "இன்னும் கொஞ்சம் போடட்டா"ன்னு கேட்டாரு, அப்பா "போடுங்க"ன்னாரு. அவ்வளவுதான். மனசுல கொஞ்சம் வடு இன்னும் இருக்கத்தான் செய்யுது, அதையும் மறைக்கல.

அந்த மருமகளுக்கு இருந்த விசுவாசம் எனக்கு அன்னைக்கு இல்ல. நாங்க வருவோம்னு அவதான் எங்களுக்காகவும் சேர்த்து நம்பியிருக்கா. அதனாலதான் சபை வேணும்ங்கேன், நமக்கு நம்பிக்கை அத்துப்போன நாள்ல நமக்காக நம்ப ஒரு ஆள் வேணும். லைவ்ல ஓடுற ஆராதனைக்கு நீ அன்னைக்கு வரலன்னே தெரியாதேடி.

அதுக்காக சண்டைய மூடி மறைங்கன்னு சொல்லல. சாதியும் பதவியும் பணமும் நம்ம சபைகளுக்குள்ளயும் நல்லா நுழைஞ்சிருக்கு, பந்தியில ஒண்ணா உக்காந்துட்டு கல்யாணம்னு வந்தா சாதி பாக்கிறவங்க இருக்காவ, எனக்கு அது பெரிய வேதனை. நீங்க புதுசா ஆரம்பிக்கிறீங்க, அதை உள்ள விடாதீங்க. பணம் சேர்ந்தா ரெண்டு பேர் கையில கணக்கு இருக்கட்டும், மாசாமாசம் எல்லாருக்கும் வாசிச்சி காட்டுங்க. ஆர்சி பிள்ளை ஜெபமாலை வச்சிருந்தா இருக்கட்டும், பெந்தெகோஸ்தே தம்பி சத்தமா ஜெபிச்சா ஜெபிக்கட்டும், அவன் முடிக்கிற வரைக்கும் பொறுத்திருக்கிறதும் விசுவாசந்தான். யாராவது ரெண்டு வாரம் வரலன்னா கேள்வி கேக்காம ஒரு டப்பாவுல கொழம்பு எடுத்துட்டு போங்க.

1903ல, பின்னால பிஷப்பான வேதநாயகம் அசரியாவும் கூட்டாளிகளும் பாளையங்கோட்டையில ஐஎம்எஸ்ங்கிற இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பிச்சப்ப வெளிநாட்டு காசு வேண்டாம், நம்ம ஆளு நம்ம காசுன்னுதான் ஆரம்பிச்சாவ. பனையேறுற குடும்பங்ககிட்ட என்ன காசு இருந்திருக்கும் சொல்லு, இருந்தும் தெலுங்கு தேசத்துல தோர்ணக்கல்லுக்கு ஊழியர அனுப்பினாவ. உங்க அஞ்சு வீட்ல ஒரு வருசம் அரிசி மாதிரி ஏதாவது எடுத்து வச்சா அங்க புதுசா வந்து வேலை தேடுற ஒரு பிள்ளைக்கு ஒரு மாச வாடகையாவது ஆகும்லா.

அடுத்த மாசம் நம்ம ஊர்ல இருந்து ஒரு தம்பி அங்க வாரான், அவன்கிட்ட அந்தக் கொட்டானை குடுத்து விடுதேன். எனக்கு வேற முடைஞ்சி வாங்கிட்டேன். அதுக்குள்ள கருப்பட்டியும் கொஞ்சம் மஸ்கோத்தும் வச்சிருக்கேன், எடுத்துட்டு நல்லா வெயில்ல, வெயில் இல்லன்னா ஹீட்டர் பக்கத்துல, காய வச்சிட்டு அரிசி போடு. மூடி கொஞ்சம் டைட்டா இருக்கும், ஒரு பக்கமா தூக்கித் தொற.

அம்மா