குளத்தங்கரை வழியாக வராதே, மக்கா

அன்புள்ள மக்கா,

போன வாரம் நீங்கள் வந்து சேர்ந்தபோது ராத்திரி பதினொன்றரை. பிள்ளை தூங்குகிறாளே என்று அப்போது நான் வாய் திறக்கவில்லை. மறுநாள் மருமகள் சொல்லித்தான் முழுசும் தெரிந்தது, அதிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

நாங்குநேரியில் நான்கு வழிச்சாலையை விட்டு இறங்கினால் களக்காடு ரோடு, கண்ணை மூடிக்கொண்டு வரலாம். நாலு நிமிஷம் மிச்சம் என்று போன் குளத்தங்கரைக்குத் திருப்ப, நீயும் திரும்பிவிட்டாய். கார்த்திகை மாசம், குளம் பெருகி மறுகால் பாய்கிறது, அந்தக் கரைப்பாதை நேரே மிச்சத் தண்ணீர் வழிந்தோடுகிற கலுங்கில்தான் போய் இறங்கும். ஹெட்லைட் வெளிச்சத்தில் தண்ணீரைப் பார்த்து பிரேக் போட்டாயே, தெய்வாதீனம். அப்புறம் ஒரு வண்டி அகலமே உள்ள கரையில், இரண்டு பக்கமும் சரிவு, அந்த இருட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு ரிவர்ஸிலேயே வந்திருக்கிறாய்.

ஜிபிஎஸ்ஸைக் குறை சொல்லவில்லை. 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சாட்டிலைட்டுகளில் குறைந்தது நாலின் சிக்னலை வாங்கி, நிற்கிற இடத்தைச் சில மீட்டருக்குள் சொல்லிவிடுகிறது. சர்வே வேலையில் சங்கிலி பிடித்து வெயிலில் அலைந்த எனக்கு அதன் அருமை தெரியும். ஜிபிஎஸ் மாதிரியே நம் நாடு விட்ட நாவிக் சாட்டிலைட்டுகளை ஏற்றிப்போன பிஎஸ்எல்வி ராக்கெட்டுக்கான விகாஸ் எஞ்சினைச் சோதிப்பதுகூட நம் மகேந்திரகிரியில்தான். ஆனால் சாட்டிலைட் சொல்வது இடத்தை மட்டும். வழி என்பது போனில் இருக்கிற மேப்பை வைத்துப் போடுகிற கணக்கு, அதற்கு மறுகால் பாய்வது எப்படித் தெரியும்?

என் பழைய டோப்போ ஷீட்டை, அதுதான் சர்வே துறை மேப்பை, விரித்துப் பார்த்தேன், 58 எச் வரிசை, 2 சென்டிமீட்டருக்கு 1 கிலோமீட்டர். தார் ரோடு இரட்டைச் சிவப்புக் கோடு, வண்டித்தடம் ஒற்றைக் கோடு, பார்த்ததும் தெரிந்துவிடும். நான்கு வழிச்சாலை அதில் கிடையாது, அவ்வளவு பழசு. ஆனால் குளமும் கரையும் கலுங்கும் இருந்த இடத்தில்தானே இருக்கின்றன.

அதைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். கிளம்புமுன் ஒரு தடவை பெரிதாக்கிப் பார், எந்தக் குளம் ரோட்டுக்கு எந்தப் பக்கம் என்று மனசில் வாங்கிக்கொள். போனிலும் நம் பக்கத்து மேப்பை முன்கூட்டியே டவுன்லோடு செய்து வை, 2023 டிசம்பர் வெள்ளத்தில் டவரெல்லாம் படுத்தது ஞாபகம் இருக்கும். டவர் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், மேப்தான் வராது.

பொங்கலுக்குக் களக்காடு ரோட்டிலேயே வா. நாங்குநேரி வந்ததும் போன் போடு, எத்தனை மணியானாலும் நான் டார்ச்சோடு ரோட்டில் நிற்பேன்.

அப்பா