டாக்காவிலிருந்து தொடங்கு

அன்புள்ள மகளுக்கு,

உன் மெயில் கிடைத்தது. வகுப்பில் தூதரகங்களின் பழைய தந்திகளைப் படிக்கச் சொல்கிறார்கள், எல்லாம் ஒரே அரசாங்க நடை, தூக்கம்தான் வருகிறது என்று எழுதியிருக்கிறாய். தந்தி ஆபீஸிலேயே காலம் தள்ளியவனிடம் வந்து தந்தி போரடிக்கிறது என்றால் விடுவேனா? 1971-ஐ எடு. டாக்காவிலிருந்து தொடங்கு.

இன்றைய வங்கதேசம் அப்போது கிழக்குப் பாகிஸ்தான்; டாக்கா அதன் தலைநகர். மார்ச் 25 இரவு பாகிஸ்தான் ராணுவம் அந்த ஊரில் சுட ஆரம்பித்தது. அங்கே அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் தலைவர் ஆர்ச்சர் பிளட். நடப்பது ஆள் பார்த்துச் செய்யும் இனப்படுகொலை என்று 28-ஆம் தேதியே வாஷிங்டனுக்குத் தந்தி அடித்துவிட்டார். மேலிடம் வாய் திறக்கவில்லை. ஏப்ரல் 6 அன்று, அங்கிருந்த அமெரிக்க அதிகாரிகள் 20 பேர் கையெழுத்துப் போட்டு, தங்கள் அரசின் கொள்கையே தவறு என்று இன்னொரு தந்தி அனுப்பினார்கள். ஜனநாயகத்தை நசுக்கியதைக் கண்டிக்கவில்லை, அட்டூழியங்களைக் கண்டிக்கவில்லை என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். எல்லோரும் எடுத்துச் சொல்வது இந்தப் பகுதியைத்தான்.

எனக்குப் பிடித்தது அதற்குக் கீழே பிளட் தனியாகச் சேர்த்தது. இவர்கள் சொல்வதுதான் என் கருத்தும், ஆனால் இந்த அலுவலகத்தின் தலைவனாக இருக்கும்வரை நான் கையெழுத்திடுவது முறையாகாது என்கிறார். அப்புறம் தர்மத்தை ஓரமாக வைத்துவிட்டு லாப நஷ்டம் பேசுகிறார்: கடைசியில் வங்காளிகள்தான் ஜெயிப்பார்கள், தனி நாடு பிறக்கும், தோற்கப்போகிறவன் பக்கமே நின்று ஜெயிக்கப்போகிறவனைப் பகைத்துக்கொள்வது முட்டாள்தனம். டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. எட்டு மாதத்துக்கு முன்பே எழுதிவிட்டார் மனுஷன்.

அந்த ஏப்ரல் தந்தி போனதும் வாஷிங்டனில் என்ன நடந்தது தெரியுமா? வெளியுறவு அமைச்சர் ரோஜர்ஸ், அதிபர் நிக்சனின் பாதுகாப்பு ஆலோசகர் கிஸ்ஸிங்கரிடம் போனில் பொருமினார். டாக்கா ஆட்கள் புலம்பியதுகூடப் பரவாயில்லையாம், குறைந்த ரகசியத் தரம் போட்டு இத்தனை பேர் படிக்கிற மாதிரி அனுப்பியதைத்தான் மன்னிக்க முடியாதாம்! ஏப்ரல் 28-ஆம் தேதி நிக்சன் ஒரு குறிப்பின் அடியில் தன் கைப்பட எழுதினார்: இப்போது யஹ்யாவை (பாகிஸ்தான் அதிபர் யஹ்யா கான்) நெருக்கக் கூடாது. 'கூடாது' என்பதற்கு மூன்று அடிக்கோடு. காரணம் ஜூலையில்தான் வெளியே வந்தது. பாகிஸ்தான் போன கிஸ்ஸிங்கர், வயிற்று வலி என்று சொல்லிவிட்டு ரகசியமாகப் பீஜிங்குக்குப் பறந்தார். அமெரிக்காவுக்காகச் சீனாவுக்குத் தூது போய்க்கொண்டிருந்தவர் இதே யஹ்யா கான்தான். டாக்காவில் உட்கார்ந்து தந்தி எழுதியவர்களுக்கு இது எப்படித் தெரியும்? அதற்குள் பிளட்டை அங்கிருந்து மாற்றியும்விட்டார்கள்.

அதனால் எந்தத் தந்தியை எடுத்தாலும் முதலில் அதன் தலைப்பகுதியைப் பார். யாருக்குப் போகிறது, யாருக்கெல்லாம் நகல், என்ன ரகசிய முத்திரை. நாங்கள் ஆபீஸில் முதலில் பார்த்ததும் அதைத்தான். அப்புறம் டெல்லியிலிருந்து தூதர் கீட்டிங் மார்ச் 29 அன்று அனுப்பியதைப் பக்கத்தில் வைத்துப் படி. அமெரிக்கா கொடுத்த ஆயுதத்தை வைத்தே இதைச் செய்கிறார்களோ என்று அவர் பதறுவார். இஸ்லாமாபாத் தூதர் ஃபார்லண்ட் அந்த நாட்களில் எழுதியதில் அந்தப் பதற்றம் இருக்காது. அடுத்த நாட்டின் உள்விவகாரம், நமக்கு எதற்கு என்கிற தொனி. ஒரே அரசாங்கத்தின் மூன்று ஆட்கள்!

இந்த மூன்றையும் படித்துவிட்டுக் கூப்பிடு. ராத்திரி பதினோரு மணிக்கு மேல் வேண்டாம், உன் அம்மா திட்டுவாள்.

அன்புடன்,
அப்பா