வெறும் வயிறும் இரண்டு ரப்பர் பேண்டும்

அன்புள்ள அக்காக்களுக்கும் அண்ணன்களுக்கும் நண்பர்களுக்கும்,

பத்து வாரம் சனிக்கிழமை தவறாமல் நம் வகுப்பில் மாற்றுத்திறனாளிகளான எங்களோடு உட்கார்ந்து, மருந்துச் சீட்டையும் பரிசோதனை முடிவையும் எங்களுக்குப் புரியவைத்த உங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லத்தான் இந்த மடல். நேரிலேயே சொல்லியிருப்பேன். கடைசி நாள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசியதில் என் முறை வரவே இல்லை.

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. டாக்டரிடம் போனால், "இவருக்கு எத்தனை நாளா வலி?" என்று கூட வந்த தம்பியிடம்தான் கேட்பார்கள். வலிப்பது எனக்கு, பதில் சொல்வது அவன். 2006இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 25ஆம் பிரிவு, எங்களுக்கும் விளக்கிச் சொல்லி, எங்கள் சம்மதத்தோடுதான் சிகிச்சை தர வேண்டும் என்கிறதாம். இத்தனை வருடத்தில் அதை எனக்கு முதலில் சொன்னது நீங்கள்தான்.

செவிலியர் அக்கா "புரிஞ்சுதா?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. அப்படிக் கேட்டால் புரியாதவனும் தலையாட்டிவிடுவான். "நான் சரியாச் சொன்னேனான்னு பார்க்கணும், வீட்டுல போய் இதை எப்படிச் சொல்லுவீங்க?" என்பார். முதல் தடவை நான் சொன்னதில் பாதி தப்பு. "என் விளக்கம்தான் சரியில்லை" என்று வேறு மாதிரி ஆரம்பித்தார்.

மருந்தாளுநர் அண்ணனுக்கு ஒரு டப்பா ரப்பர் பேண்ட் கடன்பட்டிருக்கிறேன். காலை மருந்துப் பாட்டிலுக்கு ஒன்று, இரவுக்கு இரண்டு. இவ்வளவுதான் விஷயம், ஆனால் அதற்குமுன் யாரும் சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் மருந்துப் பெட்டியின் மேல் பெயரை பிரெய்லில் பொறிக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது என்று அவர் சொன்னபோது பொறாமையாக இருந்தது. ஆனால் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டால் அங்கேயும் கையில் மிஞ்சுவது மாத்திரை அட்டைதானே! இன்னொன்று: காய்ச்சல் மாத்திரையிலும் பாராசிட்டமால், பல சளி மருந்துகளிலும் அதே பாராசிட்டமால். பெயர் வேறு வேறாக இருப்பதால் இரண்டையும் சேர்த்து விழுங்கி, அளவு மீறினால் கல்லீரல் கெடும். நான் பல வருடம் அப்படித்தான் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

சைகைமொழி பெயர்ப்பாளர் அக்கா வராத வாரம்தான் அவர் அருமை தெரிந்தது. "வெறும் வயிற்றில் போடவும்" என்ற சீட்டைப் படித்துவிட்டு, செவித்திறன் இல்லாத நண்பர், சட்டையைக் கழற்றிவிட்டு வயிற்றில் தடவ வேண்டுமா என்று எழுதிக் கேட்டார். சிரித்தோம். அப்புறம் யோசித்தால் சிரிப்பு நின்றுவிட்டது. அவருக்குத் தாய்மொழி சைகை, எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி. எழுதிக் கொடுத்தால் போதும் என்று நாங்களும்தானே நினைத்திருந்தோம்.

எளிய தமிழ்த் துண்டறிக்கையை மூன்று முறை திருப்பிக் கொடுத்த தங்கைக்குத் தனி நன்றி. அவளுக்கு அறிவுசார் குறைபாடு என்று சான்றிதழ் சொல்கிறது. "தேவைப்பட்டால் மாத்திரை போடவும்" என்ற வரியில் விரலை வைத்து, "யாருக்குத் தேவைப்பட்டா?" என்று கேட்டாள். எழுதியவர்களிடம் பதில் இல்லை. "காய்ச்சல் இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் வேண்டாம்" என்று மாற்றினார்கள். அந்த அறிக்கையிலேயே உருப்படியான வரி அதுதான் என்பது என் கட்சி.

சக்கர நாற்காலி அண்ணனையும் விட முடியாது. ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்தால் ரத்த ஓட்டம் தடைபட்டுப் புண் வரும், தண்டுவடம் அடிபட்டவருக்கு அந்த வலியே தெரியாது என்று சொல்லிக்கொண்டே, நடுநடுவே கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்வார். அவர் தூக்கும்போது நாற்காலி கிறீச்சிடும். அந்தச் சத்தம்தான் எங்கள் வகுப்புக்குக் கடிகாரம்.

போன வாரம் மறுபடி டாக்டரிடம் போனேன். வழக்கம்போலக் கேள்வி தம்பி பக்கம் போனது. நான் வாயைத் திறப்பதற்குள் அவனே, "அண்ணன்கிட்டயே கேளுங்க டாக்டர், அவருக்குத்தான் தெரியும்" என்றுவிட்டான். வாராவாரம் என்னைக் கூட்டி வந்து பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்ததாக நாம் எல்லோரும் நினைத்தோமே, அவனுக்கும் நன்றி.

அன்புடன்,
முன்வரிசையில் அதிகம் கேள்வி கேட்டவன்