நாய்க்குப் பரிசு கொடுக்கும் நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் நாய் வளர்ப்பு குறித்து வெளியான கட்டுரையைப் படித்தேன். தீனி கொடுத்துப் பழக்கிய நாய், தீனியைக் கண்ணால் கண்டால்தான் சொன்னதைக் கேட்கும் என்றும், அதனால் அதட்டிப் பழக்குவதே சரி என்றும் அதில் சொல்லப்பட்டிருந்தது. தீனியைக் காட்டினால்தான் கேட்கிற நாய்கள் பல வீடுகளில் இருக்கின்றன என்பதை மறுக்க மாட்டேன். என் வீட்டிலேயே ஒன்று இருந்தது. ஆனால் அந்தக் குறைக்குத் தீனியே காரணம் என்று கட்டுரையாளர் முடிவு கட்டியதும், அங்கிருந்து ஒரே தாவலில் அதட்டலுக்குப் போய்விட்டதும் எனக்கு உடன்பாடாக இல்லை. தீனியை எப்போது கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்ற பேச்சே அந்தக் கட்டுரையில் இல்லாததால் இதை எழுதுகிறேன்.

என் முதல் நாய்க்கு ‘உட்கார்’ என்ற சொல்லைக் கற்பித்த கதையைச் சொன்னால் விஷயம் எளிதில் விளங்கும். நான் சொன்னதும் அது உட்காரும். நான் சட்டைப் பையில் கையை விட்டு, பிளாஸ்டிக் உறையைத் துழாவி, ஒரு துண்டை எடுத்து நீட்டுவதற்குள் நாலைந்து விநாடிகள் ஓடிவிடும். உறை சரசரத்த உடனேயே அது எழுந்து என் கையருகே வந்து நிற்கும். நானும் வாயில் கொடுத்துவிடுவேன். மூன்று வாரம் இப்படிப் போன பிறகு, உட்கார் என்றால் பின்பக்கம் தரையில் பட்டதோ படவில்லையோ என்ற அளவில் தொட்டுவிட்டுத் துள்ளி எழும் நாய் ஒன்று எனக்குக் கிடைத்தது. பிடிவாதக்கார நாய் என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். எழுந்து வருவதற்குத்தான் நான் நாள்தோறும் பரிசு கொடுத்திருக்கிறேன் என்பது எனக்கு உறைக்க மேலும் சில வாரங்கள் ஆயின.

இதில் புதுமை எதுவும் இல்லை. உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1898-இல் பூனைகளைக் கூண்டுப் பெட்டிகளில் அடைத்துச் செய்த சோதனைகளிலிருந்தே, எந்தச் செயலை ஒட்டி நல்ல விளைவு வருகிறதோ அந்தச் செயல்தான் மீண்டும் மீண்டும் நிகழும் என்பது தெரிந்த செய்தி. ‘ஒட்டி’ என்ற சொல்தான் இதில் முக்கியம். உட்கார்ந்ததற்கும் தீனிக்கும் இடையில் நாய் கொட்டாவி விட்டிருந்தால், திரும்பிப் பார்த்திருந்தால், எழுந்திருந்தால், பரிசு அந்தக் கடைசிச் செயலின் கணக்கில்தான் சேரும். ஒரு விநாடிக்குள் கொடுத்துவிட முடிந்தால் நல்லது. எல்லா நேரத்திலும் அது முடியாது என்பதால்தான், உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னரின் மாணவர்களான பிரெலண்ட் தம்பதியர் 1940-களிலேயே விலங்குகளைப் பழக்குவதில் ஓர் ஓசையை இடையில் பயன்படுத்தினார்கள். அழுத்தினால் ‘கிளிக்’ என்று ஓசை எழுப்பும், இன்று கிளிக்கர் என்று விற்கப்படும் சிறு கருவியின் வேலையும் அதுதான். கருவி இல்லாவிட்டாலும் பாதகமில்லை. ‘சரி’ என்ற ஒற்றைச் சொல்லை எப்போதும் ஒரே குரலில் சொன்னால் போதும். முதல் நாள் எந்த வேலையும் வாங்காமல், ‘சரி’ என்று சொல்லி உடனே ஒரு துண்டு கொடுப்பதைப் பதினைந்து இருபது முறை செய்தால், அந்தச் சொல்லைக் கேட்டதுமே நாய் தலையைத் தூக்கிப் பார்க்கத் தொடங்கும். அதன் பிறகு பின்பக்கம் தரையில் பட்ட கணத்தில் ‘சரி’ என்று சொல்லிவிட்டால், துண்டு வாய்க்கு வர இரண்டு விநாடி தாமதமானாலும் எதற்காக அது வந்தது என்பதில் குழப்பம் இராது. சொல்லைச் சொல்லிவிட்டுத் தீனி தராமல் ஏமாற்றுவது மட்டும் கூடாது. பலமுறை ஏமாற்றினால் அந்தச் சொல் வெறும் ஓசையாகிவிடும்.

கொடுக்கும் இடத்தையும் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. உட்கார்ந்திருக்கும் நாய்க்கு நம் மார்பளவு உயரத்தில் துண்டை நீட்டினால் அது எழாமல் என்ன செய்யும்? முகவாய்க்குச் சற்றுக் கீழே, முன்னங்கால்களுக்கு இடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் உட்கார்ந்தபடியே தின்னும். அடுத்த துண்டையும் எழாதபோதே கொடுத்தால், உட்கார்ந்திருப்பதே ஆதாயம் என்று எடுத்துக்கொள்ளும். என் துள்ளல்காரனை இந்த ஒரு மாற்றத்தாலேயே பத்து நாளில் சரிசெய்ய முடிந்தது.

இனி கட்டுரையாளர் சொன்ன குறைக்கு வருகிறேன். தீனியைக் கையில் பிடித்துக் காட்டி நாயை உட்கார வைப்பது, தொடக்கத்தில் அது என்ன செய்ய வேண்டும் என்பதைப் புரிய வைப்பதற்கான ஆசை காட்டல் மட்டுமே. செய்து முடித்த பின் கிடைப்பதுதான் பரிசு. ஆசை காட்டுவதை மாதக்கணக்கில் நீட்டினால், தீனி பிடித்த கைதான் கட்டளை என்று நாய் கற்றுக்கொள்வதில் வியப்பென்ன இருக்கிறது? ஐந்தாறு முறை தீனியோடு கையை அசைத்துக் காட்டிய பிறகு, அதே அசைவை வெறுங்கையால் செய்ய வேண்டும். நாய் உட்கார்ந்ததும் மறுகையிலிருந்தோ, மேசைமேல் இருக்கும் கிண்ணத்திலிருந்தோ பரிசு வர வேண்டும். கையில் ஒன்றும் தெரியாதபோதும் வேலை செய்தால் ஏதோ ஓரிடத்திலிருந்து வந்து சேரும் என்ற நம்பிக்கை நாய்க்கு ஏற்பட்டுவிட்டால் கட்டுரையில் சொல்லப்பட்ட சிக்கல் எழாது. பழகிய பின் ஒவ்வொரு முறையும் கொடுக்காமல், எப்போது கிடைக்கும் என்று ஊகிக்க முடியாதபடி இடைவிட்டுக் கொடுக்கலாம். ஆனால் வீட்டுக்குள் நன்றாகச் செய்கிற நாயைப் பிற நாய்கள் திரியும் வெளியிடத்துக்கு அழைத்துப் போனால், அங்கே முதல் வகுப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கொடுக்க வேண்டும், வீட்டில் கொடுப்பதைவிட உயர்ந்ததாகவும் கொடுக்க வேண்டும்.

எது உயர்ந்தது என்பதை நாய்தான் தீர்மானிக்கும். தலையில் தட்டிக் கொடுப்பதே போதுமான பரிசு என்று சொல்பவர்கள், தட்டும்போது தங்கள் நாய் முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா, உதட்டை நக்கிக்கொள்கிறதா என்று ஒருமுறை கவனித்துப் பார்க்கட்டும். எரிக்கா ஃபாயர்பாக்கர், கிளைவ் வின் ஆகிய இருவரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், வாய்ப் பாராட்டைவிடத் தடவிக் கொடுப்பதையே நாய்கள் நாடின. அதற்கு முன் 2012-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், மனிதரின் கவனிப்பைக் காட்டிலும் உணவே வேலை வாங்க வல்லதாக இருந்தது. அதற்காகப் பாராட்டுச் சொல்லைக் கைவிட வேண்டியதில்லை. தீனிக்கு முன்னால் அதைச் சொல்லிவந்தால் அதற்கும் ஒரு மதிப்பு ஏறும்.

உணவு அல்லாத பரிசுகளும் நிறைய உண்டு. அதிகம் விரும்பும் செயலைக் குறைவாக விரும்பும் செயலுக்குப் பரிசாக்கலாம் என்று உளவியலாளர் டேவிட் பிரீமாக் 1959-இல் எழுதினார். சோறு தின்றால் விளையாடப் போகலாம் என்று சொல்லும் எல்லாத் தாய்மாருக்கும் இது முன்பே தெரியும். மரத்தடியை முகர்ந்து பார்க்க இழுக்கும் நாய், சங்கிலி தளர்ந்து தொங்கும்படி நாலு அடி நடந்தால், ‘சரி, போ’ என்று அந்த மரத்தடிக்கே விடலாம். அதை விட்டுவிட்டு, இழுக்கும்போதெல்லாம் பின்னாலேயே போகிறவர், இழுப்பதற்கு அடிக்கொரு பரிசு கொடுத்துக்கொண்டிருக்கிறார். இரவுச் சாப்பாட்டின்போது மேசையருகே நின்று குரைக்கும் நாய்க்கு, ஒன்பது முறை பொறுத்துப் பத்தாவது முறை ஒரு துண்டை எறிகிறவரும் அப்படித்தான். பத்து முறை குரைக்க வேண்டும் என்ற பாடத்தை அவரே நடத்திவிட்டார். இத்தகைய பழக்கத்துக்குத் தீனியை நிறுத்தினால் குரைப்பு முதலில் கூடும், பிறகுதான் தணியும். அந்தக் கூடுதலைக் கண்டு பயந்து இடையில் மனம் இளகினால் நிலைமை முன்பைவிட மோசமாகிவிடும்.

கூப்பிட்டால் வராத நாயைப் பற்றிய புலம்பலும் இதே வகைதான். திறந்தவெளியில் ஓடி விளையாடும் நாயை ‘வா’ என்று அழைத்து, வந்ததும் சங்கிலியைப் பூட்டி வீட்டுக்கு நடத்தினால், வந்ததற்குக் கிடைத்த பலன் விளையாட்டு முடிந்ததுதான். பத்து முறை அழைத்தால் ஒன்பது முறை நல்ல துண்டு ஒன்றைக் கொடுத்து மீண்டும் ஓட விட வேண்டும். தாமதமாக வந்த நாயை அடிப்பவர்களிடம் நான் வாதாடுவதை விட்டுவிட்டேன். மற்றப் பாடங்களுக்குத் தீனியைப் படிப்படியாகக் குறைத்தாலும், அழைப்புக்கு மட்டும் நான் ஆயுள் முழுவதும் கொடுத்துவருகிறேன். வண்டி வரும் சாலையோரத்தில் அந்த ஒரு சொல்தான் உயிரைக் காக்கிறது.

அதட்டல் குறித்துச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரிட்டனில் 364 நாய் வளர்ப்போரிடம் கேட்டு 2004-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், பரிசு கொடுத்துக் கற்பித்த பாடங்கள் கூடக்கூட நாயின் கீழ்ப்படிதலும் கூடியது. தண்டித்துக் கற்பித்தவை கூடியபோது தொல்லை தரும் நடத்தைகள்தான் கூடின. தொல்லை தரும் நாய் என்பதாலேயே தண்டித்திருக்கலாமே என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்விதான், வளர்ப்போர் சொன்ன விடைகளை மட்டும் வைத்து அதைத் தீர்க்க முடியாது. ஆனால் போர்ச்சுகலில் 92 நாய்களை வைத்து 2020-இல் வெளியான ஆய்வு நாய்களையே நேரில் சோதித்தது. கடுமையான முறையில் பயிற்சி தரும் பள்ளிகளைச் சேர்ந்த நாய்களிடம் பதற்றத்தின் அறிகுறிகள் மிகுதியாக இருந்தன. பயிற்சிக்குப் பின் அவற்றின் உமிழ்நீரில், மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசாலின் அளவும் உயர்ந்திருந்தது. பயந்த நாய் அடங்கி நிற்பதைப் பார்த்துக் கற்றுக்கொண்டுவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

அளவைப் பற்றியும் ஒரு சொல். ஒரு துண்டு பட்டாணி அளவுக்கு மேல் வேண்டியதில்லை. வேகவைத்த, உப்பிடாத இறைச்சியாக இருந்தால் சிறப்பு. ஒரு நாளில் தின்பண்டமாகப் போகும் பங்கு மொத்த உணவாற்றலில் பத்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் பொதுவான கணக்கு. அதற்கு மேல் தேவைப்பட்டால், கிண்ணத்தில் போடும் உணவிலிருந்தே ஒரு பிடியை எடுத்துவைத்துக்கொள்ளலாம். ஐந்து நிமிடப் பயிற்சி போதும்; அதையும் நாள் தவறாமல் செய்தாக வேண்டும் என்பதில்லை. வாரம் ஐந்து முறை பழக்கிய பீகிள் நாய்களைவிட, வாரம் ஒருமுறை பழக்கியவை குறைந்த எண்ணிக்கையிலான பாடங்களிலேயே கற்றுக்கொண்டதாக 2008-இல் ஓர் ஆய்வு வெளியாகியிருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரையோடு வந்த படத்தில் ஒரு குழந்தை நாய்க்குச் சாக்லேட் துண்டை நீட்டிக்கொண்டிருந்தது. சாக்லேட்டில் உள்ள தியோபுரோமினை நாயின் உடல் மிக மெதுவாகத்தான் வெளியேற்றும். அளவு மிஞ்சினால் வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், சர்க்கரைக்குப் பதிலாகச் சைலிட்டால் சேர்த்த இனிப்புகள் ஆகியவையும் நாய்க்கு ஆகாதவை. கட்டுரையின் கருத்தை மாற்றிக்கொள்வதும் கொள்ளாததும் கட்டுரையாளரின் விருப்பம். ஆனால் அந்தப் படத்துக்கான திருத்தத்தை அடுத்த ஞாயிறு வரை காத்திராமல் நாளைய இதழிலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்